அணைத்த பின் நான்கு நிமிடம்

கேட்டவருக்குக் கருவி கொடுப்பார், கை கொடுக்கமாட்டார். தவமலரைப் பற்றி அந்தத் துறைமுகத்தில் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

நோர்வேயின் வடகோடியில், மீன் தொழிற்சாலையை நம்பித் தமிழர் குடியேறிய சிற்றூர் அது. தவமலர் பதினெட்டு ஆண்டுகள் அத்தொழிற்சாலையின் குளிரறையில் வேலை செய்தவர். பின்னர் படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுத் துறைமுகத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை வைத்துக்கொண்டார். படகின் அறைக்கு டீசல் ஹீற்றர் பொருத்த வேண்டும் என்று வருவோரை அவர் திருப்பி அனுப்புவதில்லை; பொருத்திக் கொடுப்பதுமில்லை. படகுக்கு உரியவரே பொருத்த வேண்டும். அவர் அருகில் அமர்ந்திருப்பார். அவருடைய இரு கைகளும் சட்டைப்பைக்குள் இருக்கும். இதனால் ஊர்த் தமிழர் அவரைக் குரு என்றனர். முதலில் கேலியாகச் சொன்னார்கள். கேலி பழகிப் பெயராயிற்று.

நாற்பத்தெட்டு வயதான அந்தக் குருவிடம், ஒரு நவம்பர் மாதக் காலையில், அறுபத்தாறு வயதான அம்பலவாணர் வந்தார். அவர் அதே தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“தங்கச்சி, என்ர வள்ளத்துக்கு ஒரு ஹீற்றர் பூட்ட வேணும்.”

“பூட்டுங்கோ, அண்ணை.”

“நீர் பூட்டித் தாரும் எண்டு கேக்க வந்தனான்.”

“நான் பூட்டினால் அது என்ர ஹீற்றர். பழுதானால் நீங்கள் என்னைத் தேடி வருவீங்கள். நீங்கள் பூட்டினால் உங்கட ஹீற்றர். பழுதானால் பழுதைத் தேடிப் போவீங்கள்.”

“அதுக்கெல்லாம் நேரமில்லை. எனக்கு ரெண்டு கிழமை தான் இருக்கு.”

“ஏன், வள்ளம் எங்கயும் போகுதோ?”

“ஊலாவிட்டப் போகுது.”

குரு ஒரு பெட்டியைக் காலால் தள்ளிக் கொடுத்தார். அம்பலவாணர் அதில் அமர்ந்து காரணத்தைச் சொன்னார்.

அப்படகை அவர் கோடையில் வாங்கினார். மனைவி மனோகரியைக் கேட்டு வாங்கவில்லை. வாங்கிய பின்னர் சொன்னார். அதுவும், வெள்ளைச் சாயம் பூசிய கைகளோடு சாப்பிட உட்கார்ந்ததால் சொல்ல நேர்ந்தது. மனோகரி இரண்டு மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒருநாள், சோற்றைப் பரிமாறிக்கொண்டே, தம்முடைய தீர்ப்பை அறிவித்தார்.

“இந்த மாசக் கடைசி ஞாயிறு நான் உங்கட வள்ளத்துக்குள்ள ஒரு மணித்தியாலம் இருப்பன். எனக்கு ஓவர்கோட்டைக் கழட்ட மனம் வந்தால் வள்ளம் இருக்கட்டும். வராட்டி, திங்கட்கிழமை ஊலாவுக்குக் குடுங்கோ.”

ஊலாவ் அடுத்த வீட்டு நோர்வேக்காரர். அப்படகின் மேல் கண் வைத்திருந்தவர். காலை நடையின்போது அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

குரு கேட்டார்: “அக்காவுக்குக் குளிர் ஒத்துவராதோ?”

“மனோகரிக்கோ? மைனஸ் இருவதில வீட்டுச் செருப்போட போய்க் குப்பை கொட்டிப்போட்டு வாற மனிசி.”

“அப்ப ஏன் ஓவர்கோட்டைப் பற்றிச் சொன்னவ?”

“அது தான் எனக்கும் விளங்கேல்லை.”

“சரி,” என்றார் குரு. “அந்தப் பையைத் தூக்குங்கோ.”

அம்பலவாணர் கருவிப்பையைத் தூக்கினார். அது கனமாக இருந்தது. குருவின் கைகள் சட்டைப்பைக்குள் போயின.

படகின் அறை இருவர் எதிரெதிரே அமரும் அளவினது. மூன்றாமவர் வந்தால் ஒருவர் மடியில்தான் அமர வேண்டும். அதன் இருக்கைக்குக் கீழே, பொருள் வைக்கும் பெட்டிக்குள், இயந்திரத்தை வைக்க இடம் குறித்தார்கள். புகை வெளியேற ஒரு குழாய் வேண்டும். அக்குழாய் வெளியே தலைகாட்ட, படகின் பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, ஒரு துளை வேண்டும்.

அம்பலவாணர் துளைக்கருவியைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார்.

“தங்கச்சி, இது வள்ளம்.”

“ஓம்.”

“வள்ளத்தில ஓட்டை போடச் சொல்லுறீர்.”

“ஓம்.”

“முப்பது வருசம் இந்தத் துறைமுகத்தைப் பாத்தனான். தன்ர வள்ளத்தில தானே ஓட்டை போட்டவனை நான் காணேல்லை.”

“ஓட்டை இல்லாட்டிப் புகை எதால போகும்?”

“கதவால போகட்டும்.”

“அந்தக் கதவால தானே அக்கா உள்ள வரப்போறா?”

அம்பலவாணர் பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தார். அதை அழித்து, அரை விரற்கடை மேலே இன்னொரு வட்டம் வரைந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

“இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. ராகு காலம்.”

“மூண்டு மணிக்கெல்லோ?”

“அது எங்கட ஊரில. இஞ்ச சூரியன் ஒன்பதரைக்கு வந்து ஒண்டரைக்குப் போகுது. பகல் நாலு மணித்தியாலம். எட்டாப் பிரிச்சால் ஒரு பங்கு அரை மணித்தியாலம். செவ்வாய்க்கு ஏழாம் பங்கு. பன்ரண்டரையில தொடங்கி ஒரு மணிக்கு முடியுது. இப்ப பன்ரண்டு முப்பத்தொண்டு.”

அக்கணக்கில் பிழையில்லை. குரு தலையசைத்தார்.

“அரை மணித்தியாலம் தானே. தேத்தண்ணி குடிப்பம்.”

குடித்தார்கள். வெப்பக்குடுவையைத் திறந்ததும் ஊற்றியதும் அம்பலவாணரே. பாதிக் கோப்பையில் அவருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது.

“இன்னும் பத்து நாளில சூரியனே வராது. ரெண்டு மாசத்துக்குப் பகல் இல்லை. அப்ப ராகு காலம் எப்ப?”

“பிரிக்கிறதுக்குப் பகல் இல்லாட்டி ராகு என்ன செய்யிறது? அவருக்கும் லீவு.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தை மாசம் வரைக்கும்.”

அம்பலவாணர் அதைத் தம்முடைய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சரியாக ஒரு மணிக்கு எழுந்து, கண்களை மூடி, துளைக்கருவியை அழுத்தினார். கண்களைத் திறக்கச் சொன்னார் குரு. திறந்தார். வட்டமான ஒரு சில்லு வெளியே கழன்று கடலில் விழுந்தது. படகு மூழ்கவில்லை. துளையின் வழியே ஒரு கடற்பறவை தெரிந்தது.

“குருவே,” என்றார் அம்பலவாணர். அன்றிலிருந்து அவர் சீடர்; ‘நீர்’ என்று பேசுவதையும் விட்டுவிட்டார்.

மறுநாள் எண்ணெய் பம்பைப் பொருத்தினார்கள். சீடர் மட்டப்பலகை வைத்து, நடுக்கோட்டில் குமிழ் நிற்கும்படி, அதை அணுவளவும் சாயாமல் பூட்டினார். பூட்டிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“கழட்டுங்கோ,” என்றார் குரு. “சரிவாப் பூட்ட வேணும்.”

“முப்பது வருசத்தில நான் ஒண்டையும் சரிவாப் பூட்டினதில்லை.”

“எண்ணெய்க்குள்ள காத்துக் குமிழ் வரும். சரிவு இருந்தால் மேல ஏறிப் போயிடும். மட்டமா வைச்சால் அது போக வழி தெரியாமல் அங்கயே நிக்கும்.”

“இவ்வளவு வடிவா மட்டம் வைச்சனே, குரு.”

“ஓம், நல்ல வடிவு. கழட்டுங்கோ.”

மூன்றாம் நாள் மின்கம்பிகளின் முறை. படகின் கதவருகில் சிவப்புத் திருகுபிடி கொண்ட ஒரு மெயின் சுவிச் இருந்தது. அதைத் திருகினால் படகு முழுவதும் மின்சாரம் அறும். சீடர் ஹீற்றரின் கம்பியை அதனோடு இணைக்கலானார்.

“ஹீற்றரை நேர பற்றறிக்குக் குடுங்கோ, அண்ணை.”

“மெயின் சுவிச் இல்லாமலோ? போகேக்க எல்லாத்தையும் ஒரே திருகில நிப்பாட்டிப்போட்டுப் போக வேணும். தொழிற்சாலையில மணி அடிச்ச உடன நான் சுவிச்சை இழுப்பன். பதினாலு பெல்ற்றும் அந்த நொடியில நிக்கும். மீன் வாயைத் திறந்தபடி நிக்கும்.”

“இது அப்பிடி நிக்காது. பட்டனை அமத்தி நிப்பாட்டினாலும் காத்தாடி நாலு நிமிசம் மூசிப்போட்டுத் தான் ஓயும்.”

“நிப்பாட்டின பிறகும் ஓடுற மெஷின் என்ன மெஷின்?”

“உங்கட மெஷின்,” என்றார் குரு.

சீடர் கம்பியை மெயின் சுவிச்சோடு இணைத்தார். குருவின் கைகள் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதன்முறையாக ஹீற்றரை ஏற்றினார்கள். காற்றாடி சுழன்றது. பம்ப் டிக் டிக் என்றது. எண்ணெய் வரவில்லை; ஓய்ந்தது. மீண்டும் ஏற்றினார்கள், மீண்டும் ஓய்ந்தது. மூன்றாம் முறை பெட்டிக்குள் ஏதோ ஒன்று குமுறிப் பற்றிக்கொண்டது. சிறிது நேரத்தில், சோற்றுப் பானையைத் திறந்தவர் முகத்தில் படுவது போன்ற வெப்பம் இருவர் முழங்கால்களிலும் பட்டது. சீடர் கையுறைகளைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார், கழுத்துத் துணியையும் கழற்றினார்.

“குரு, நான் வெண்டிட்டன்.”

“ஞாயிறு வரட்டும்,” என்று சொல்லிவிட்டுக் குரு கொட்டகைக்குப் போனார்.

அதன் பின் சீடர் ஒவ்வொரு நாளும் படகுக்குப் போய் ஹீற்றரை ஏற்றிச் சோதித்தார். திங்கட்கிழமை அது பற்றவில்லை. வெள்ளைப் புகையைக் கக்கி, மூன்று முறை கீச்சிட்டு, வாயை மூடிக்கொண்டது.

“குரு, பழுது.”

“தேடிப் போங்கோ.”

சீடர் இயந்திரத்தைக் கழற்றி எரியறையைத் திறந்தார். உள்ளே அடுப்புக் கரி போலக் கறுத்து இறுகியிருந்தது. அதைச் சுரண்ட அரைநாள் ஆயிற்று. அவர் மூக்கின் நுனி வரை கரி ஏறியது.

“எப்பிடி நிப்பாட்டினனீங்கள்?” என்று குரு கேட்டார்.

“பட்டனை அமத்தி.”

“பிறகு?”

“பிறகு வீட்ட போனனான்.”

அது பொய்யன்று. பட்டனுக்கும் வீட்டுக்கும் இடையே மெயின் சுவிச்சைத் திருகியதை அவர் சொல்லவில்லை, அவ்வளவே. நடந்து வந்ததைச் சொல்லும் ஒருவர், நடுவில் மூச்சு விட்டதைச் சொல்வதில்லை.

சுத்தம் செய்த ஹீற்றர் மூன்று நாள் நன்றாக எரிந்தது. வெள்ளிக்கிழமை காலை மீண்டும் வெள்ளைப் புகை வந்தது; மீண்டும் கீச்சொலி கேட்டது. ஞாயிற்றுக்கு இரண்டு நாளே இருந்தன. சூரியன் வருவதை நிறுத்தியிருந்தது. சீடர் மீண்டும் கரி சுரண்டினார். நடுப்பகலில் விளக்கு வெளிச்சத்தில் சுரண்டியதால் கரி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“இந்த மெஷினுக்கு என்ர முகம் பிடிக்கேல்லை, குரு. ஊலாவ் வந்து தட்டேக்க சந்தோசமா நிக்குது.”

“வாங்கோ,” என்றார் குரு. “உங்கட வீட்ட போய்த் தேத்தண்ணி குடிப்பம்.”

“இப்பவோ? எனக்கு இருக்கிறது ரெண்டு நாள்!”

“அதால தான்.”

வீட்டில் மனோகரி தேநீர் கொடுத்தார். கணவரின் மூக்கைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து அவர் முன்னே வைத்தார்.

“ஹீற்றர் வேலை செய்யுதோ?”

“செய்யும்.”

“செய்யுதோ எண்டு கேட்டனான்.”

“ஞாயிறு வந்து பாரும்.”

“இஞ்சேருங்கோ, எங்கட பெடியன் ஒஸ்லோவில இருந்து போன் எடுத்தவன். நத்தார் லீவுக்கும் வரமாட்டானாம். நீங்கள் அவனோட ஒருக்கா வடிவாக் கதைச்சால்…”

“சரி. முடிஞ்சுது,” என்றார் அம்பலவாணர். அவர் குரல் உயரவில்லை. எழுந்தார், காலணிகளை அணிந்தார், கதவைத் திறந்து, பதமாகச் சாத்தினார். அவருடைய தேநீரிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

குரு எழவில்லை. மனோகரி ஒரு சட்டியை எடுத்துத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துத் தேய்க்கத் தொடங்கினார்.

“அக்கா, உது கழுவின சட்டியெல்லோ?”

“ஓம். மூண்டாந்தரம் கழுவுறன்.”

“எப்பவும் இப்பிடியோ?”

“சட்டியோ?”

“அண்ணை.”

“முப்பத்தெட்டு வருசம், தவம். பெல்ற்றை நிப்பாட்டின மாதிரி. ‘முடிஞ்சுது’ எண்டால் அவருக்கு முடிஞ்சிடும். கோவமும் இல்லை, ஒண்டும் இல்லை. வள்ளத்தில போய் வடிவா மீன் பிடிப்பார். எனக்குத் தான் கையில ஏதாவது வேணும்.” மனோகரி சட்டியின் அடியை மேலும் அழுத்தித் தேய்த்தார். “முதல் சைக்கிள். பிறகு நிலவறையில ஒரு மேசை வைச்சிருந்தார். இப்ப வள்ளம். அவர் ஓடுற இடத்தை நானும் ஒருக்காப் பாக்க வேணும்.”

குரு தேநீரைக் குடித்து முடித்தார். “நல்ல தேத்தண்ணி, அக்கா,” என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தார்.

படகில், மறுபடி பூட்டிய ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. சீடர் காலை நீட்டி அமர்ந்திருந்தார். முகத்தில் கோபத்தின் சுவடுகூட இல்லை.

“மனோகரி என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை. சட்டி கழுவினவ.”

“எந்தச் சட்டி?”

“கழுவின சட்டி.”

சீடர் அதைக் குறிப்பேட்டில் எழுதலாமா என்று யோசித்தார், எழுதவில்லை.

“ஹீற்றரை நிப்பாட்டுங்கோ,” என்றார் குரு.

சீடர் பட்டனை அழுத்தினார். அவர் வலக்கை பட்டனில் இருக்கும்போதே இடக்கை தானாக மெயின் சுவிச்சுக்குப் போயிற்று. அது அங்கே போய்ச் சேர்வதற்குள், குரு தம்முடைய வலக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சிவப்புத் திருகுபிடியின் மேல் வைத்துவிட்டார்.

இரண்டு கிழமைகளில், தேநீர் குடிக்க அல்லாமல், அந்தக் கை வெளியே வந்தது அதுவே முதல் முறை. சீடர் அதை வியந்து பார்த்தார்.

“கையை எடுங்கோ, குரு.”

“ஏலாது.”

“நிப்பாட்டியாச்சு தானே.”

“நீங்கள் நிப்பாட்டிட்டீங்கள். அது இன்னும் நிக்கேல்லை.”

பெட்டிக்குள் காற்றாடி மூசிக்கொண்டிருந்தது. சீடர் அதைக் கேட்டார். எழுந்தார்; உட்கார்ந்தார். தொப்பியை அணிந்தார், கழற்றினார். ஒரு நிமிடம் போயிருக்கும். அவருக்கு அது ஒரு பொழுதாகத் தோன்றியது.

“பற்றறி வீணாப் போகுது.”

“போகட்டும்.”

“எனக்கு முதுகுக்க என்னவோ செய்யுது.”

“செய்யட்டும்.” குரு கேட்டார்: “உள்ளுக்க எரிஞ்ச சூட்டைக் காத்தாடி வெளியால தள்ளுது. இப்ப கரண்டை வெட்டினால் அந்தச் சூடு என்ன செய்யும்?”

“உள்ளுக்கயே நிக்கும்.”

“நிண்டால்?”

“மிச்ச எண்ணெய் கருகும். கருகிக் கரியா…” சீடர் நிறுத்தினார். தம்முடைய நகங்களைப் பார்த்தார். அன்று சுரண்டிய கரி அவற்றில் இன்னும் இருந்தது.

“எத்தினை நாள் வெட்டினனீங்கள்?”

“ஒவ்வொரு நாளும்.”

காற்றாடியின் ஓசை தணிந்தது, மெலிந்தது, எவரும் தொடாமலே நின்றது. அதன் பின்னர்தான் சீடருக்குக் கடலின் ஓசை கேட்டது.

குரு கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “கையுறை கொண்டு வர மறந்திட்டன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மனோகரி வந்தார். முழங்கால் வரை நீண்ட ஓவர்கோட். கழுத்து வரை பொத்தான்கள். அறையில் இருவருக்கே இடம் இருந்ததால் குரு வெளியே, படகுத் துறையில், கவிழ்த்து வைத்த ஒரு மீன் பெட்டியின் மேல் அமர்ந்தார். சற்றுத் தொலைவில் ஊலாவ் வேறு எதையோ பார்ப்பவர் போல நின்றார். அவர் கையில் ஓர் அளவுநாடா இருந்தது.

உள்ளே ஹீற்றர் பிழையின்றி எரிந்தது. மனோகரி கைப்பையை மடியில் வைத்து, பேருந்தில் இருப்பவர் போல நிமிர்ந்து அமர்ந்திருந்தார். வெப்பமானி இருபத்திரண்டைக் காட்டியது. பிறகு இருபத்தாறைக் காட்டியது. மனோகரியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பொத்தான்கள் இருந்தபடியே இருந்தன.

“சூடு போதுமோ?”

“போதும்.”

“அப்ப ஓவர்கோட்?”

“இருக்கட்டும்.”

“இருவத்தாறு டிகிரி, மனோகரி!”

“நான் கேக்கேல்லையே.”

“உமக்கு வேர்க்குது.”

“அது என்ர வேர்வை.”

“அப்ப உமக்கு என்ன தான் வேணும்?”

“கோவம் வந்தால் இஞ்ச தானே ஓடி வாறனீங்கள். இப்ப நானும் இஞ்ச இருக்கிறன். இனி எங்க ஓடுவீங்கள் எண்டு பாக்க வந்தனான்.”

“சரி. முடி…” என்று அம்பலவாணர் எழுந்தார். அறையின் கூரை தாழ்வானது. தலை அதில் ‘ணங்’ என்று மோதியது. சொல்லின் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தலையைத் தடவியபடி கதவைத் திறந்தார்.

துறையில் குரு அமர்ந்திருந்தார். அவர் கழுத்துத் துணியில் உறைபனி பூத்திருந்தது. கைகள் சட்டைப்பைக்குள் இருந்தன. அவர் சீடரைப் பார்க்கவில்லை. படகின் பக்கச் சுவரில் இருந்த துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து சூடான காற்று மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது.

சீடர் கதவை உட்புறமாகச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மனோகரி திடுக்கிட்டார். “ஏன் இருந்திட்டீங்கள்?”

“நீர் சொல்லும்.”

“என்னத்தை?”

“இருக்கிறதை. ஓயுமட்டும் சொல்லும்.”

மனோகரி கைப்பையைத் திறந்தார்; மூடினார். முதலில் படகைப் பற்றிச் சொன்னார். பிறகு மகனைப் பற்றிச் சொன்னார். அவன் ஒஸ்லோவுக்குப் போன அன்று தம்பதியர் இருவரும் பேசியிருக்க வேண்டியதை அம்பலவாணர் ‘முடிஞ்சுது’ என்று முடித்ததைச் சொன்னார். சைக்கிளைப் பற்றியும் நிலவறை மேசையைப் பற்றியும் சொன்னார். மனோகரியின் நினைவில் ஆண்டும் கிழமையும் பிசகவில்லை. அம்பலவாணரின் இடக்கை இருமுறை கதவுப்பக்கம் நகர்ந்தது. இருமுறையும் அவர் அதை வலக்கையால் பிடித்துத் தம் மடியில் வைத்தார்.

கடைசியில் மனோகரியின் குரல் தணிந்தது.

“அம்மா செத்த செய்தி வந்த அண்டைக்கு நான் கதைக்கத் தொடங்கினனான். ‘நடந்தது நடந்து போச்சு, முடிஞ்சுது’ எண்டு நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டீங்கள். முதல் நாள் அம்மா போனில என்னோட கதைச்சவ. கடைசியா என்ன கேட்டவ தெரியுமோ? அதைத் தான் சொல்ல வந்தனான். பதினஞ்சு வருசமாச்சு.”

“என்ன கேட்டவ?”

“‘மருமோனுக்குப் பல்வலி மாறிட்டுதோ?’ எண்டு கேட்டவ.”

ஹீற்றரின் பம்ப் டிக் டிக் என்று கேட்டது.

“மாறிட்டுது,” என்றார் அம்பலவாணர்.

“எப்ப?”

“அடுத்த நாளே.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமெல்லோ?”

“நீர் கேக்கேல்லை.”

“கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

அம்பலவாணர் கன்னத்தில், பழைய பல் இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். மனோகரி அவரையே பார்த்தார். பார்த்தபடியே ஓவர்கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகக் கழற்றினார். எழுந்து, தலை இடிக்காமல் குனிந்து, அதைத் தோளிலிருந்து இறக்கினார். மாட்ட இடம் தேடினார். அவ்வறையில் சுவரைவிட்டு நீண்டிருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சிவப்பாக இருந்தது.

“இதில கொழுவலாமோ?”

“அதில தான் கொழுவ வேணும்,” என்றார் அம்பலவாணர்.

சற்று நேரத்தில் அம்பலவாணர் வெளியே வந்தார். ஊலாவ் முதல் மணித்தியாலம் முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்திருந்தார். இரண்டாவது முடிந்தபோது அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். குரு மட்டும் மீன் பெட்டியின் மேல் இருந்தார். அவர் புருவங்களிலும் உறைபனி ஏறியிருந்தது.

“குருவே, கழட்டிட்டா.”

“நல்லது.”

“உள்ளுக்க வாங்கோ. மனோகரி தேத்தண்ணி கொண்டு வந்தவ. உங்களுக்கு இடம் விட்டு நான் வெளியால நிக்கிறன்.”

“வேண்டாம். நீங்கள் உள்ளுக்க இருங்கோ.”

சீடர் போகவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவர் கணக்கில் பிழை விடாதவர். ஆதலால் ஒன்று அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

“நாலு நிமிசம் எண்டு தானே சொன்னனீங்கள்? ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம், குரு!”

குரு மீன் பெட்டியிலிருந்து எழுந்து உறைபனியை உதறினார்.

“நாலு நிமிசம் புது ஹீற்றருக்கு, அண்ணை.”